முன்னாள் படைவீரர்களையும் அவர்தம் குடும்பங்களையும் சிறப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு வீட்டுக்கு வழி சொல்ல "மிலிட்டரிக்காரர் வீடு" என்ற இரண்டு சொற்கள் இன்றும் போதுமானவையாக இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்று முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம், வீட்டின் பெயர் மட்டும் மாறுவதில்லை. அத்தகைய வீடொன்றில் வளர்ந்தவன் நான். பல ஆண்டுகளாகப் படைவீரர் குடும்பங்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தும் வருகிறேன். ஊராட்சித் தலைவர்களும், ஆசிரியர்களும், இளைஞர் மன்றத்தினரும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

முன்னாள் படைவீரர் என்று யாரைக் குறிப்பிடுகிறோம்?

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய முப்படைகளில் ஒன்றில் பணியாற்றி, ஓய்வூதியத்துடனோ, பணிக்காலம் முடிந்து பணிக்கொடையுடனோ, படைப்பணியால் நேர்ந்த உடல்குறைவின் காரணமாகவோ விடுவிக்கப்பட்டவரையே அரசு விதிகள் முன்னாள் படைவீரர் என்று ஏற்கின்றன. ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்களும், ஓய்வூதியத் தகுதி பெறும் முன்பே தம் விருப்பத்தால் விலகியவர்களும் பொதுவாக இதில் அடங்குவதில்லை.

இந்தச் சொல்லைக் கேட்டதும் நரைத்த மீசையுடன் ஒரு முதியவர் நம் கண்முன் வருகிறார். ஆனால் ஒரு சிப்பாய் 15 ஆண்டுகள் பணியாற்றினாலே ஓய்வூதியத் தகுதி பெற்றுவிடுகிறார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர் முப்பத்தைந்து வயதையொட்டி, பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் படிக்கும் காலத்திலேயே, பெட்டி படுக்கையுடன் ஊர் திரும்பிவிடுகிறார். அவருக்கு மாலையைக் காட்டிலும் முதலில் வேண்டியது ஒரு வேலை.

மத்திய ரிசர்வ் காவல் படையினரும் எல்லைப் பாதுகாப்புப் படையினரும் இதில் அடங்குவார்களா?

சட்டப்படி அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவதால், பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத்திட்டங்கள் பெரும்பாலும் அவர்களுக்குப் பொருந்துவதில்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிரிழந்த மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேரில் இருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஊர் மரியாதை செய்யும்போது எந்த அமைச்சகம் என்று பார்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. விண்ணப்பம் எழுதும்போது மட்டும் அந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறான அலுவலகத்தின் வாசலில் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் நிற்க நேரும். காவல் பணியில் உயிர்நீத்தோரை நினைவுகூர அக்டோபர் 21 தனியாக ஒதுக்கப்பட்டுள்ளது. 1959-ஆம் ஆண்டு அந்நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் இந்தியக் காவலர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஆண்டில் எந்த நாள்களில் படைவீரர்களை நினைவுகூரலாம்?

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953-இல் அந்நாளில்தான் ஓய்வு பெற்றார். அது பொங்கலையொட்டி வருவதால் நம் ஊர்களில் விழா நடத்துவதற்கு மிகவும் வாய்ப்பான நாள். வெளியூரில் இருப்பவர்களும் வந்திருப்பார்கள். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். டிசம்பர் 16, 1971 போரின் வெற்றி நாள். டிசம்பர் 7 கொடிநாள்.

இவற்றோடு நான் எப்போதும் இன்னொரு நாளையும் சேர்த்துச் சொல்வேன். அந்தந்த ஊர் வீரர் உயிர்நீத்த நாளே அது. அன்று அந்த வீட்டுக்கு நான்கு பேர் போய்த் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதைப் பெரிய விழாக்களைவிட மேலானதாகக் குடும்பத்தினர் நினைக்கிறார்கள். பல வீடுகளில் நானே இதைக் கேட்டிருக்கிறேன்.

கொடிநாள் நிதி எதற்காக? நாம் தரும் பணம் எங்கே போகிறது?

விடுதலைக்குப் பின் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட 1949 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சரின் கீழ் ஒரு குழு அமைந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடி விற்பது என்று அக்குழு முடிவு செய்தது. கொடியிலுள்ள சிவப்பு, கருநீலம், இளநீலம் ஆகிய மூன்று நிறங்களும் முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படையைக் குறிக்கின்றன. தனித்தனியாக இருந்த பல நிதிகளை 1993-இல் ஒன்றிணைத்து முப்படைக் கொடிநாள் நிதியாக்கினார்கள்.

ஓய்வூதியம் இல்லாத முதிய படைவீரருக்கும் கைம்பெண்ணுக்கும் மாத உதவி, மகளின் திருமணத்துக்கு உதவி, பிள்ளைகளின் கல்விக்கு உதவி, கைம்பெண்ணின் தொழிற்பயிற்சிக்கு உதவி ஆகியவை இத்தகைய நிதிகளிலிருந்தே கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்காகச் சேர்க்கப்பட்டு, போர் முடிந்ததும் ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் கடைசிக் காலத்தில் இப்படிப்பட்ட உதவியே கைகொடுத்தது.

கொடிநாளுக்குப் பணம் தருவோர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவோ, மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் வழியாகவோ தந்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். ரசீதில்லாமல் சாலையில் வசூல் செய்பவரிடம் பணம் தர வேண்டாம். குழந்தைகளிடம் பள்ளியில் கொடி தரும்போது, அது யாருக்காக என்று இரண்டு நிமிடம் சொல்லுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் தெரியாமல் சட்டையில் குத்திய கொடி மாலையில் தெருவில்தான் கிடக்கும்.

போரில் இறந்தவரைப் போற்றும் வழக்கம் நம் மரபில் உண்டா?

உண்டு, அது மிகப் பழையது. போரில் வீழ்ந்தவருக்குக் கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதை நீராட்டி, பெயர் பொறித்து நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை எல்லாம் ஊர் கூடிச் செய்த காரியங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று கூறுகிறது. ஆநிரை கவரும் பூசலே ஆகோள். இறந்தவன் பெயர், ஊர், நிகழ்ச்சி ஆகிய மூன்றும் சில சொற்களுக்குள் அடங்கிவிட்டன. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில் பிற்காலத்து நடுகற்கள் ஏராளமாக நிற்கின்றன.

இதைவிட என்னை ஈர்த்தது வேறொன்று. போரில் இறந்தவனுடைய குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்கு நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் இரத்தம்தான். கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்களுக்கு என்று நம் முன்னோர் இரண்டையும் சேர்த்தே நினைத்திருக்கிறார்கள். குடும்ப ஓய்வூதியத்தைப் பிச்சை கேட்பதுபோல் தயங்கிக் கேட்கும் பெண்களிடம் நான் இந்த உதிரப்பட்டியைப் பற்றித்தான் சொல்வேன்.

ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின், ஆள் அனுப்பிய ஊர்களில் சிறு கல்வெட்டுகளைப் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று ஆங்கிலத்தில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. சில ஊர்களில் இன்றும் சாவடிச் சுவரிலோ பள்ளிச் சுவரிலோ அதைக் காணலாம். போனவர்கள் யார் என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

இன்று நாம் சென்று வணங்கக்கூடிய நினைவிடங்கள் எவை?

தில்லியில் இந்தியா கேட்டை ஒட்டி 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம் முதன்மையானது. ஒன்றையொன்று சூழ்ந்த நான்கு வட்டங்களாக அதை அமைத்திருக்கிறார்கள். அவற்றுள் தியாக சக்கரம் எனப்படும் வட்டத்தின் சுவர்களில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கருங்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 1972 முதல் இந்தியா கேட்டில் எரிந்துவந்த அமர் ஜவான் சுடர் 2022 ஜனவரியில் இங்குள்ள சுடருடன் சேர்க்கப்பட்டது. தில்லிக்குச் செல்லும் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெயரை அந்தச் சுவரில் தேடித் தொட்டுப் பார்ப்பதைக் காண்பவர்களுக்கு, ஒரு கல்லில் பெயர் இருப்பது எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

சென்னையில் கோட்டைக்கும் மெரினாவுக்கும் இடையில் உள்ள போர் நினைவுச்சின்னம் முதல் உலகப் போருக்காக எழுப்பப்பட்டது. நந்தம்பாக்கத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறை இருக்கிறது. நீலகிரி மாவட்டம் வெலிங்டன், 1758-இல் வேர்கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமாக விளங்குகிறது. கார்கில் போரின் தொடக்கத்திலேயே, 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் உயிர்நீத்து வீர் சக்ரா பெற்ற மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு. அவருடைய உடலைப் பனிமலையிலிருந்து மீட்க ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்திருக்கிறார் அல்லது இருக்கிறார். அங்கே தனி நினைவிடம் தேவையில்லை. தெருவில் நடந்தாலே போதும்.

ஊரில் பாராட்டு விழா நடத்த விரும்புகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில், யாருக்காக விழா என்பதைக் கடைசிவரை மறவாதிருக்க வேண்டும். மேடையில் பதினைந்து பிரமுகர்கள் நாற்காலியில் இருக்க, எழுபது வயதுப் படைவீரர்கள் வெயிலில் வரிசையில் நின்று, பெயர் அழைக்கப்பட்டதும் படியேறிப் பொன்னாடை பெற்றுப் படத்துக்கு நின்றுவிட்டு இறங்கிய விழாக்களைப் பார்த்திருக்கிறேன். போர்வை போர்த்தியவர் யார் என்பது மறுநாள் செய்தியில் இருந்தது. போர்த்திக்கொண்டவர் பெயர் இல்லை. நாற்காலிகளை இடம் மாற்றிப் போடுவது எளிது. படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் மேடையில் அமரட்டும். மற்றவர்கள் கீழே அமர்ந்து கேட்கட்டும்.

அழைப்பிதழில் பதவியைச் சரியாக அச்சிட வேண்டும். ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியவை ஒவ்வொன்றும் பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற படிகள். "முன்னாள் சுபேதார்" என்று எழுதாமல், சுபேதார் என்று பதவியைப் பெயருக்கு முன் எழுதி, பெயருக்குப் பின் "ஓய்வு" என்று குறிப்பதே படை மரபு. வீரப் பதக்கங்களின் வரிசையும் குழம்பக் கூடாது. போர்க்களத்து வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. அமைதிக்காலத்து வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இறந்தவரின் பதக்கங்களை அவருடைய மனைவியோ பெற்றோரோ நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில் வலப்பக்க மார்பில் அணிந்துகொள்ளலாம். இது தெரியாமல் பதக்கங்களைப் பெட்டியிலேயே வைத்திருக்கும் வீடுகள் பல. விழாவுக்கு அழைக்கும்போது நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பேச்சாளர்கள் எதிரிநாட்டைத் திட்டுவதில் நேரத்தைச் செலவிடாமல், அந்த ஊர்க்காரர் எந்தப் பிரிவில், எந்த ஆண்டுகளில், எங்கே இருந்தார் என்பதைக் கேட்டறிந்து பேசினால் நன்று. சண்டையைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சண்டை முழக்கத்தை விரும்புவதில்லை.

உயிர்நீத்த வீரரின் மனைவியை எப்படிச் சிறப்பிப்பது?

நான் மிகவும் விரிவாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

படைவீரரின் மனைவி கணவர் உயிருடன் இருக்கும்போதே தனியாகக் குடும்பம் நடத்திப் பழகியவர். ஒரு சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். முழுவதும் கிடைத்தாலும் ஆண்டில் ஒன்பது மாதங்கள் அவர் வீட்டில் இல்லை. எல்லைப்பகுதிப் பணியில் இருக்கும் காலத்தில் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லவும் இயலாது. மாமியாருக்கு மருத்துவமனை, பிள்ளைக்குப் பள்ளி, வயலுக்குத் தண்ணீர், தங்கைக்குத் திருமணம் என எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்த்திருப்பார். ஆகவே, "பாவம், தனியாகிவிட்டாள்" என்று பேசுவது அவருடைய உழைப்பை அறியாத பேச்சு. நாட்டுக்குச் செய்த சேவையில் அவருடைய பங்கு கணவர் சீருடை அணிந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்தது, நம் ஊர் வழக்கத்தில் இருக்கும் ஒரு கொடுமை. வீரமரணம் என்று ஊரே கூடி முழங்கி, அரசு மரியாதையுடன் அடக்கம் செய்த அதே வீட்டில், சில நாள்களுக்குள் அந்தப் பெண்ணின் பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டு, அதன்பின் ஒரு சீமந்தத்துக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ அவர் முன்னால் வரக் கூடாது என்று ஒதுக்குகிறார்கள். கணவனை வீரன் என்றும் அவன் மனைவியை அபசகுனம் என்றும் ஒரே ஊர் சொல்வது எப்படிப் பொருந்தும்? பாராட்டு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றும் உரிமையை அவருக்கே கொடுங்கள். பள்ளி ஆண்டுவிழாவுக்கும், நூலகத் திறப்புக்கும், உங்கள் வீட்டுத் திருமணத்துக்கும் அவரை முன்வரிசைக்கு அழையுங்கள். குங்குமத் தட்டை அவர் முன் நீட்டுங்கள். எடுத்துக்கொள்வதும் வேண்டாமென்பதும் அவர் விருப்பம். மறுமணம் செய்துகொள்ள அவர் முடிவு செய்தால் அதைத் துரோகம் என்று பேசுபவர்களை அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள்.

மூன்றாவது, பணம் பற்றியது. இழப்பீட்டுத் தொகை வந்ததும் உறவினர் கூட்டம் பெருகுகிறது. கையெழுத்து வாங்குவதற்கு மைத்துனரும், நிலம் விற்பதற்குத் தரகரும், முதலீட்டுத் திட்டத்துடன் யாரோ ஒருவரும் வருவார்கள். அந்த நேரத்தில் ஒரு மூத்த முன்னாள் படைவீரரோ, ஓய்வு பெற்ற வங்கி ஊழியரோ அருகிலிருந்து, "ஆறு மாதம் எதிலும் கையெழுத்துப் போடாதேம்மா, பணம் வங்கியிலேயே இருக்கட்டும்" என்று சொல்வது பெரிய உதவி. இறந்தவரின் தாய் தந்தையரை மறந்துவிடாமல், மனைவிக்கும் மாமனார் மாமியாருக்கும் இடையே பணத்தால் பிளவு வராமல் பேசித் தீர்க்கவும் இத்தகையவர்களால் முடியும்.

காஷ்மீரின் சோபியானில் 2014 ஏப்ரலில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு வழங்கப்பட்ட அசோக சக்ராவை, 2015 குடியரசு நாளில் அவருடைய மனைவி தில்லியில் பெற்றுக்கொண்டதை நாடே பார்த்தது. அந்த நிமிர்வு எல்லாப் படைவீரர் மனைவியருக்கும் உரியது. கேமரா வராத ஊர்களில் அதை அளிக்கும் பொறுப்பு நம்முடையது.

பழைய போர்களில் இறந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், பலர் எண்பதைக் கடந்த மூதாட்டியராக. இறந்த வீரரின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பும் வழக்கம் கார்கில் போரில்தான் பரவலாக ஏற்பட்டது. 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் களத்தின் அருகிலேயே எரியூட்டினார்கள் அல்லது புதைத்தார்கள். வீட்டுக்கு வந்தது தந்தி மட்டுமே. முகம் பார்க்காததால், எங்காவது உயிருடன் இருப்பார் என்று பல ஆண்டுகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் உண்டு. அவர்களுக்கு அன்று ஊர்வலமும் இல்லை, குண்டு முழக்கமும் இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், விழாவின் முதல் மரியாதையை அவருக்குச் செய்யுங்கள்.

குடும்ப ஓய்வூதியம் எத்தனை வகைப்படும்?

பொதுவாக மூன்று வகை. படைப்பணியுடன் தொடர்பில்லாத காரணத்தால் இறந்தவரின் குடும்பத்துக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. பணியின் விளைவாக நேர்ந்த மரணத்துக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 விழுக்காடு. போரிலோ, எல்லை மோதலிலோ, பயங்கரவாதிகளுடனான சண்டையிலோ இறந்தவருக்குத் தாராளமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம். கடைசி ஊதியம் முழுமையும் கிடைக்கும். எந்த வகையில் சேர்ப்பது என்பது மரணத்துக்கான காரணத்தைப் படைப்பிரிவு எப்படிப் பதிவு செய்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அந்த அறிக்கையின் படியைக் குடும்பத்தினர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு தவறு என்று கருதினால் மேல்முறையீடு செய்யலாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வையும் அணுகலாம்.

ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே அளவு ஓய்வூதியம் என்ற கோரிக்கைக்காக முதியவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2015 நவம்பரில் ஆணை வந்து, 2014 ஜூலை 1 முதல் என முன்தேதியிட்டு அது நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளவைத் திருத்துகிறார்கள்.

எந்த ஆவணங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்?

படையிலிருந்து விடுவிக்கும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. இவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று படைவீரர் உயிருடன் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நான் கண்ட தாமதங்களில் பெரும்பாலானவை இதனால் வந்தவையே. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவியின் பெயர் "லட்சுமி" என்றிருக்கும். ஆதாரில் "மகாலட்சுமி" என்றிருக்கும். கணவர் இறந்தபின் இருவரும் ஒருவரே என்று நிறுவ அந்த அம்மாள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கும் இடையே அலைவார். கணவர் கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பத்தில் இதை முன்பே சரிசெய்திருக்கலாம்.

உடல் அல்லது மனக் குறைபாடு உடைய மகனோ மகளோ இருந்தால், அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. அந்தப் பெயரை ஓய்வூதிய ஆணையில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஆண்டுதோறும் நவம்பரில், படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வழியாகவோ, சேவை மையம் வழியாகவோ உயிர்வாழ் சான்று தர வேண்டும். மறந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். கைரேகை பதியாத முதியவர்களுக்கு அருகிலுள்ள இளைஞர் ஒருவர் கைபேசியுடன் போய் இந்தச் சான்றை முடித்துக் கொடுப்பது, பொன்னாடையைவிட மதிப்புள்ள மரியாதை.

மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்ன உதவி உண்டு?

ஓய்வூதியம் பெறும் படைவீரரும் அவரைச் சார்ந்தவர்களும் 2003 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேரலாம், போர் விதவையர் சந்தா செலுத்த வேண்டியதில்லை. தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேரும் பிள்ளைகளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை உண்டு. 2019-இல் அத்தொகை மாதம் மாணவருக்கு 2,500 ரூபாய், மாணவியருக்கு 3,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. விண்ணப்பத் தேதி கடந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது என்பதால், பிளஸ் டூ முடிவு வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஓய்வு பெற்று வந்தவருக்கு வேலை கிடைக்க நாம் என்ன செய்யலாம்?

மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனாலும் பலர் ஏ.டி.எம். வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவாயிலிலும் காவல் பணியில்தான் அமர்கிறார்கள். அது இழிவான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தகவல்தொடர்புக் கருவிகளைப் பராமரித்தவரும், நூறு பேருக்கு உணவு வழங்கலைக் கவனித்தவரும், மலைப்பாதையில் கனரக வண்டி ஓட்டியவரும் தம் திறமைக்கேற்ற வேலையைப் பெறாமல் போவது நமக்கும் இழப்பு. தொழில் நடத்துவோர் ஆளெடுக்கும்போது மாவட்ட நலன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்காக "முதல்வரின் காக்கும் கரங்கள்" என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024 விடுதலை நாளில் அறிவித்தது. ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 விழுக்காடு முதலீட்டு மானியம் என்பது அதன் அமைப்பு.

நான்கு ஆண்டுகளில் திரும்பும் அக்னிவீரர்களை எப்படிக் கருதுவது?

2022-இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் சேர்பவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே படையில் தொடர முடியும். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்ற ஒருமுறைத் தொகை உண்டு; ஓய்வூதியமோ, முன்னாள் படைவீரர் என்ற சட்டத் தகுதியோ இல்லை. இது சரியா என்ற விவாதம் நடக்கட்டும். அதுவரை, இருபத்திரண்டு வயதில் பனிமலையிலிருந்து திரும்பும் ஒரு பையனை "திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்று ஊர் பேசாதிருக்க வேண்டும். அவன் செய்த பணி நான்காண்டுகள் என்றாலும் முழுமையான பணி.

இலங்கைக்குச் சென்ற அமைதிப்படை வீரர்களைச் சிறப்பிப்பதில் தமிழர்களுக்குத் தயக்கம் இருக்கிறதே?

இந்தத் தயக்கம் நியாயமானது. அதை மறைக்க வேண்டாம். 1987-இல் சென்ற இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. அதற்குள் ஏறத்தாழ 1,200 வீரர்கள் இறந்திருந்தனர். ஈழத்தமிழ்ப் பொதுமக்களும் பெருந்துயருக்கு ஆளாயினர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டது அவற்றுள் ஒன்று. திரும்பிவந்த படையை வரவேற்கத் தமிழக முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை.

அந்தப் படையிலும் தமிழர்கள் இருந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்து, அமைதிப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரான மேஜர் இராமசாமி பரமேசுவரன் அவர்களில் ஒருவர். எங்கே போகவேண்டும் என்பதைச் சிப்பாய் முடிவு செய்வதில்லை. அரசு முடிவு செய்கிறது. அனுப்பிய அரசின் கொள்கையைக் கேள்வி கேட்கவும், கொல்லப்பட்ட மக்களுக்காகத் துயருறவும், குற்றமிழைத்தவர்களைக் குற்றவாளி என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. அதே வேளையில், அங்கே காலிழந்து வந்து இன்று நம் தெருவில் ஊன்றுகோலுடன் நடப்பவரிடமும், அவரைத் தாங்கிய குடும்பத்திடமும் முகம் திருப்பிக்கொள்வது நியாயமாகாது. அவருக்கு விழாவெடுக்க மனம் ஒப்பாதவர்கள்கூட, அவருடைய ஓய்வூதியத் தாளைச் சரிசெய்து கொடுக்கலாம்.

மாணவர்களும் இளைஞர்களும் செய்யத்தக்கது என்ன?

ஊருக்கு ஒரு பதிவேடு எழுதலாம். இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும். வீடு வீடாகச் சென்று, படையில் பணியாற்றியவர் பெயர், படை எண், பிரிவு, பதவி, சேர்ந்த ஆண்டு, விடுபட்ட ஆண்டு, பணியாற்றிய இடங்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். உயிருடன் இருப்பவர்களின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், கடிதம் எத்தனை நாளில் வரும், உடன் இருந்த நண்பர் யார் என்று கேட்டால் அவர்களே மற்றதையெல்லாம் சொல்வார்கள். இறந்தவர்களைப் பற்றி அறிய, பழைய மணியார்டர் ரசீதுகளும், இரும்புப் பெட்டிகளின் மேல் வெள்ளை வண்ணத்தில் எழுதிய எண்ணும் பெயரும் உதவும்.

பதிவேடு நிறைந்ததும், ஊராட்சியில் தீர்மானம் நிறைவேற்றி, பள்ளி வாசலிலோ ஏரிக்கரையிலோ ஒரு கல் நடுங்கள். எண்ணிக்கை வேண்டாம், புலிமான்கோம்பைக் கல்லில் உள்ளதுபோல் பெயரும் ஊரும் நிகழ்ச்சியும் தமிழில் இருக்கட்டும். ஒவ்வொரு வீரர் பெயரின் பக்கத்திலும் அவருடைய தாயின் பெயரையும் மனைவியின் பெயரையும் சேர்த்துப் பொறியுங்கள். கல் நடும் அன்று அதன்மேல் முதல் நீரை ஊற்ற அந்தப் பெண்களையே அழையுங்கள்.